கால் பார்த்துப் பேசிய ஊர்

முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு மலை மலையாய்ச் சுற்றுகிற இளவட்டங்கள் கடுக்காக்கொல்லைத் தொடக்கப்பள்ளிக்கு வண்ணம் அடித்துக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் காலையில், அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவருக்கும் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கவில்லை. வாய்விட்டுச் சிரிக்கிற சிரிப்பில்லை அது, சத்தமும் கிடையாது. மேல்வரிசைப் பல் தெரிய, வலது பக்க உதடு மட்டும் கொஞ்சம் மேலே ஏறி, வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லும்போது வைத்துக்கொள்கிற சிரிப்பு. பல் விளக்கும்போதும் அது இருந்தது, கஞ்சி குடிக்கும்போதும் இருந்தது, முள் குத்தி அலறும்போதும் இருந்தது, அலறினதற்காக அம்மாவிடம் முதுகில் இரண்டு வாங்கும்போதும் இருந்தது. "நேத்து ஆடுன ஆட்டம் இன்னும் எறங்கல இதுங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத் தாய்மார்கள் கொல்லை வேலைக்குப் போனார்கள்.

அதே காலையில் கீழேயிருந்து பஸ் ஏறி வந்த புனிதவதி டீச்சருக்கு வேறொன்று நடந்திருந்தது. வழக்கமாகக் கண்டக்டரைப் பார்த்ததும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் சிரிப்பு அன்றைக்கு வரவில்லை. உதட்டை இழுத்துப் பார்த்தாள், கன்னத்தைத் தேய்த்துப் பார்த்தாள், உதடு உதடாகவே இருந்தது. பல்லில் ஏதோ கோளாறு, குளிர் வேறு என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

புனிதவதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவள் ஒருத்திதான் எல்லாம். ஒன்றாம் வகுப்புக்கு அணிலும் ஆடும், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னமும், நடுவில் இருப்பவர்களுக்குக் கையில் அகப்பட்டதும் நடத்திக்கொண்டு, எந்த அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினாலும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, "வணக்...கம் அய்...யா" என்று இழுத்துப் பாடவைத்து, தானும் பக்கத்தில் நின்று வலது உதட்டை மேலே ஏற்றிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தார்களா, அவளாகச் சேர்த்துக்கொண்டாளா தெரியாது. ஆனால் அத்தனை வருஷச் சிரிப்பும் ஒரே ஒரு காரியத்துக்காகத்தான். பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குத் தண்ணீர் வர வேண்டும், கதவு வர வேண்டும்.

கட்டடம் இருந்தது. மேலே தொட்டி இருந்தது. மோட்டார் புகைந்து நின்றுபோனது எந்த மழைக்காலத்தில் என்பது யாருக்கும் நினைவில்லை. கதவைக் காற்று பிடுங்கிக் கொடுக்க, யாரோ அதை ஆட்டுப்பட்டிக்குத் தட்டியாக வைத்துக்கொண்டார்கள். பையன்கள் மறைவு பார்க்காமல் போய்வந்தார்கள். பெண்பிள்ளைகள் ரோட்டைத் தாண்டிப் பாறை மறைவுக்குப் போக வேண்டும். பாறைக்கு மேலே எப்போதும் யாராவது மாடு மேய்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் புனிதவதி ஒரு சட்டம் போட்டாள். காலை இடைவேளைக்கு மேல் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. வீட்டுக்குப் போகிறவரை அடக்கிக்கொள்ள வேண்டும். "பழகினா வந்துடும்" என்றாள். சட்டத்துக்கு முதலில் கட்டுப்பட்டதும் அவள்தான்; காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு திரும்புகிறவரை அவள் தொண்டையில் ஒரு மடக்கு இறங்காது.

அந்த இளவட்டங்கள் வந்தது கோடை தொடங்குகிற நேரம். நாலைந்து தேசத்துப் பிள்ளைகள். அவர்களுக்குத் தலைமையாக, பெங்களூரில் பிறந்து வளர்ந்த நிரஞ்சனா என்கிற தமிழ்ப் பெண். மலையேறிப் போகிறவர்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கிறார்கள், சுவரில் காரை பெயர்ந்திருப்பதைப் பார்த்து மனசு கேட்கவில்லை, மூட்டையை வராந்தாவில் இறக்கிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். பொய் சொல்லக் கூடாது, வெயிலில் தோல் உரிய உரிய வேலை செய்தார்கள், சாமைச்சோற்றை முகம் சுளிக்காமல் தின்றார்கள், பிள்ளைகளை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிரஞ்சனா வந்த அன்றைக்கே கேட்டாள்.

"மேம், உங்க ஸ்கூலுக்கு முக்கியமா என்ன வேணும்?"

அத்தனை வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று புனிதவதி காத்திருந்த கேள்வி. பதில் தொண்டைவரை வந்தது. ஆனால் அதற்குள் அவர்கள் பெயிண்ட் டப்பாக்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள், நெட்டையான வெள்ளைக்காரப் பையன் ஒருவன் சுவரில் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து வரைய ஆரம்பித்திருந்தான். இத்தனை தூரம் வந்த விருந்தாளிகளிடம், அதுவும் பள்ளிக்கூடத்தின் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, கக்கூஸ் என்கிற வார்த்தையை எடுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"நீங்க எது செஞ்சாலும் எங்களுக்குச் சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஆக, அவர்கள் ஒட்டகச்சிவிங்கி வரைந்தார்கள், திமிங்கலம் வரைந்தார்கள், மீதமிருந்த வண்ணத்தில் நிரஞ்சனா கதவில்லாத கக்கூசின் வெளிச்சுவர் முழுக்க, வாசல் ஓட்டையை நடுவில் விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி ஒன்றை வரைந்தாள். ஊரே வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தது.

கடைசி நாள் மத்தியானம் போட்டோ. இன்றைக்கு இவர்கள் மனம் குளிர்ந்தால் போகும்போது இன்னொரு தடவை கேட்பார்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று புனிதவதி கணக்குப் போட்டிருந்தாள். பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, கேமராவைப் பிடித்திருந்த நிரஞ்சனாவுக்குப் பின்னால் போய் நின்று, தன்னைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று பல்லைக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள், செவ்வந்தியைத் தவிர. இரண்டாம் வகுப்புப் பிள்ளை, தேனெடுக்கிற பச்சையம்மாவின் மகள். அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, புளியங்காய் தின்றவள் மாதிரி நின்றாள். புனிதவதி ரிப்பனைச் சரிசெய்கிற பாவனையில் அவளிடம் போனாள். யாரும் பார்க்காதபடி மேல்கையில் நகம் பதியக் கிள்ளினாள்.

"சிரி. நீ சிரிக்கலன்னா இவங்கல்லாம் போயிடுவாங்க."

திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் நின்று மறுபடி பல்லைக் காட்டினாள். செவ்வந்தி சிரித்தாள். கேமரா சொடுக்கியது. அந்தச் சொடுக்கில் தன் முகத்திலிருந்து ஏதோ நழுவிப் போனதுபோல் புனிதவதிக்கு இருந்தது. மலைக்காற்று என்று நினைத்துக்கொண்டாள். அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துக் கண்கலங்கி, இரண்டாவது தடவை எதுவும் கேட்காமல் போய்விட்டார்கள்.

ஒரு வாரம் கழிந்தும் சிரிப்பு இறங்காததால் ஊர் கூடிப் பேசியது. நாட்டாமை சின்னாண்டி பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பூசாரி வேப்பிலை அடித்தார், திருநீறு போட்டார், வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் வைத்து அம்மனிடம் வாக்குக் கேட்டார். எந்தப் பூவும் விழவில்லை. "இது நம்ம ஆத்தாவுக்குத் தெரிஞ்ச வேல இல்ல, வெளியூரு வேல" என்று பூசாரி கையை உதறிவிட்டார். கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர்களிடம் அங்கிருந்த நர்ஸ், "அழுவுற புள்ளைய கூட்டினு வருவாங்க, சிரிக்கிற புள்ளையயா கூட்டினு வருவாங்க, போங்க" என்று விரட்டினாள். ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் யோசித்துப் பார்த்தார்கள். காய்ச்சலா, இல்லை. சொறி சிரங்கா, இல்லை. சிரித்த முகம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனாலும் சிரித்த முகத்தோடு காலம் தள்ளுவது லேசில்லை. ரேஷன் கடைக்காரர், மண்ணெண்ணெய் இல்லை என்று சொன்னதற்குப் பிள்ளை தன்னைப் பார்த்து இளிக்கிறது என்று கோபித்துக்கொண்டு ஓர் அடி வைத்துவிட்டுக் கடையைச் சாத்தினார். களவாண்டவன் எவன், அவனைக் காட்டிக்கொடுத்தவன் எவன் என்று எந்தத் தகப்பனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போதுதான் நான்காம் வகுப்பு மாதேசனின் தாத்தா செத்துப்போனார். பேரப்பிள்ளை நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். பந்தத்தைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பெண்கள் மாரடித்து அழுகிற இடத்தில், பல் முழுக்கத் தெரிய மாதேசன் பாடையைச் சுற்றி வந்தான். வெளியூர்ச் சொந்தம் ஒருவர் கையை ஓங்கிவிட்டார். அந்தக் கையைப் பிடித்து நிறுத்திய சின்னாண்டி, கீழே காட்டினார். மாதேசனின் கால்விரல்கள் பத்தும் மண்ணைக் கவ்விப்பிடித்து உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. அவன் எடுத்துவைத்த ஒவ்வொரு அடியிலும் ஈரமண்ணில் பள்ளம் விழுந்திருந்தது.

"பையன் அழுவுறான்யா" என்றார் சின்னாண்டி.

அன்றிலிருந்து கடுக்காக்கொல்லையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் நின்றுபோய், கால் பார்த்துப் பேசுகிற வழக்கம் வந்தது. விரல் விரிந்திருந்தால் பசி. கட்டைவிரல் மட்டும் தூக்கிக்கொண்டிருந்தால் பொய். ஒரு காலை இன்னொரு கால் தேய்த்தால் பயம். பத்தும் சுருண்டிருந்தால் வலி அல்லது அழுகை, உடனே தூக்கிக்கொள்ள வேண்டும். மாமியார்கள் மருமகள்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் காலில் எண்ணெய் தேய்த்து, நகம் வெட்டி, துலக்கமாக வைத்துக்கொண்டார்கள். வழியில் பிள்ளைகளைக் கண்ட ஆண்கள் தலையைக் குனிந்து, "எங்கடா போற" என்று காலிடம் கேட்டார்கள். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

புனிதவதிக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் சந்தைக்குப் போகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பஸ்ஸில் ஏறி வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, கண்டக்டர் அவர்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க, எல்லாம் உங்க சொந்தக்காரப் பசங்களா? சிரிப்பு அச்சு அசலா உங்க சிரிப்பு" என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வலது பக்கம் ஏறிய உதடு. அதிகாரிகளுக்காக அத்தனை வருஷம் அவள் வைத்திருந்த உதடு. ஏழெட்டு வாயில், அவளுடைய ஒரே சிரிப்பு. ஊருக்கு இது எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். டீச்சர் மனசு நோகும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் காட்டிய அந்த மரியாதை அவளைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. பட்டாம்பூச்சிக்கு முன்னால் நின்று சிரிக்கிற பிள்ளைகளின் போட்டோ, செல்போன் செல்போனாகப் பறந்திருந்தது. ஒரு பெரிய அதிகாரி வந்தார். இப்படி மகிழ்ச்சியான பிள்ளைகளை எந்தப் பள்ளியிலும் கண்டதில்லை என்று கேடயம் கொடுத்தார். கக்கூசைப் பற்றிப் பேச்செடுக்க அவள் வாயைத் திறந்தபோது, "பசங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே, ஒரு கொறையும் இல்லன்னு" என்று அவரே சொல்லி முடித்துவிட்டார். அவள் கேடயத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு வாராவாரம் மூட்டைக்காரர்கள் வந்தார்கள். சிரிப்பைப் பார்க்க வந்தார்கள், சிரிப்போடு போட்டோ எடுக்க வந்தார்கள், வண்ணப் பென்சிலும் பலூனும் கொண்டுவந்தார்கள். ஊரும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் பலாச்சுளை வந்தது, புளி வந்தது, பச்சையம்மா பாட்டில் பாட்டிலாகத் தேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிப்பை எடுக்கப் பரிகாரம் தேட வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், "இப்ப இன்னா அவசரம்" என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

அப்படி வந்த கூட்டம் ஒன்று, பிள்ளைகள் வெறுங்காலோடு இருப்பதைப் பார்த்து உருகிப்போய், எல்லாருக்கும் வெள்ளை நிறத்தில் ஷூவும் சாக்ஸும் அனுப்பிவைத்தது.

சாக்குமூட்டையை அவிழ்த்த அன்றைக்கு, அதில் என்ன இருக்கிறது என்பது புனிதவதிக்குத் தெரிந்தது. ஷூ போட்டால் கால் தெரியாது. கால் தெரியாவிட்டால் பிள்ளை தெரியாது. வேறு யாருக்கும் உறைக்காவிட்டாலும் அவளுக்கு உறைத்தது. ஆனால் கொடுத்தவர்கள் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பள்ளிக்கூடத்தில் இருக்கிறவரை ஷூவைக் கழற்றக் கூடாது என்று இன்னொரு சட்டம் போட்டாள்.

மழைக்காலம் முடிந்து சாமை அறுத்த சமயத்தில் நிரஞ்சனா தன் கூட்டத்தோடு ஜீப்பில் திரும்பி வந்தாள். இந்தத் தடவை பெரிய கேமரா, மூன்று கால் வைத்தது. இந்தப் பள்ளிக்கூடத்தைப் படம் பிடித்துக் காட்டினால் வேறு மலைகளில் இருக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வண்ணம் அடிக்க ஆள் சேரும் என்றாள். கண்ணில் நிஜமான ஆசை இருந்தது. பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தினார்கள்.

"ஹேப்பியா இருக்கீங்களா?"

"ஹேப்...பி" என்று இழுத்துப் பாடினார்கள் பிள்ளைகள்.

நிரஞ்சனா ஓடிப்போய் செவ்வந்தியைத் தூக்கிக்கொண்டாள். உடனே முகம் மாறியது. "மேம், இவளுக்கு உடம்பு ரொம்பச் சூடா இருக்கே?"

"வெயில்ல நின்னதும்மா. அதான்." பதில் புனிதவதியின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம், யோசிப்பதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. நிரஞ்சனா பிள்ளையை இறக்கிவிட்டுக் கேமராவுக்குப் போனாள்.

செவ்வந்தி எல்லாரையும்போல் சிரித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் வெள்ளை ஷூவின் முனைத் துணி புடைத்தது, அடங்கியது, மறுபடி புடைத்தது. புனிதவதி பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நாளாகவே பிள்ளை பாறைப் பக்கம் அடிக்கடி ஓடுவதும், போன வேகத்தில் திரும்புவதும், வீட்டுக்குக் கிளம்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. காணாமல் ஒன்றுமில்லை, கண்டும் கேட்காமல் விட்டிருக்கிறாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, போட்டோவுக்கு முன்னால் எப்போதும் செய்கிற மாதிரி, ரிப்பனைச் சரிசெய்யப் போகிறவள்போல் அவள் பக்கத்தில் போனாள்.

டீச்சர் வருவதைப் பார்த்த செவ்வந்தி, சட்டைக் கையைத் தானாகவே மேலே சுருட்டிவிட்டு, கிள்ளுவதற்கு வசதியாகக் கையை நீட்டினாள்.

அந்த வெயிலில், அந்தக் கேமராவுக்கு முன்னால், புனிதவதி மண்ணில் உட்கார்ந்து பிள்ளையின் ஷூக் கயிற்றை இழுத்தாள், முடிச்சு அவிழாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாள், சாக்ஸை உருவினாள். பத்து விரலும் உள்ளங்காலுக்குள் சுருண்டு, நகம் வெளுத்துப் போயிருந்தது. நீவி விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை.

"எங்கடி வலிக்குது?"

"வலிக்கல டீச்சர்."

"பொய் சொல்லாத கண்ணு. எங்க வலிக்குது, சொல்லு."

சிரித்த முகத்தை அவள் காதோரம் கொண்டுவந்து செவ்வந்தி ரகசியமாகச் சொன்னாள். "சொன்னா இவங்கல்லாம் போயிடுவாங்க டீச்சர்."

"போவட்டும்" என்றாள் புனிதவதி. மறுபடி, ஊருக்கே கேட்கிற மாதிரி, வகுப்பில் வாய்ப்பாடு சொல்லித் தருகிற குரலில் சொன்னாள். "போனாப் போவட்டும். யாரு வேணும்னாலும் போவட்டும். நீ அழு. அழுடி என் கண்ணு."

முதலில் வலது பக்க உதடு இறங்கியது. பிறகு பல் மறைந்தது. பிறகு செவ்வந்தி கடுக்காக்கொல்லை முழுக்கக் கேட்க அழுதாள். அவள் அழ ஆரம்பித்ததும் பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு உதடு இறங்கியது, அதற்குப் பக்கத்துப் பிள்ளைக்கு இறங்கியது; வரிசை கடைசிவரை அழுகை ஓடியது. மாதேசன் தாத்தாவுக்காக அழுதான். ஒருத்தி செத்துப்போன ஆட்டுக்குட்டிக்காக அழுதாள். ஒருவன் ரேஷன் கடைக்காரர் அடித்ததற்காக அழுதான், இத்தனை மாதம் கழித்து. எதற்கென்று தெரியாத சின்னதுகள் சேர்ந்து அழுதன. சாமைக்களத்திலிருந்து பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பச்சையம்மா தேன்பாட்டில்களைத் தாண்டி ஓடிவந்து மகளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பச்சையம்மா, நான்தான். அன்னிக்குச் சிரிக்கலன்னு கிள்ளினேன். தண்ணி குடிக்காத, அடக்கிக்கன்னு சொன்னதும் நான்தான். அவ காலப் பாக்கவிடாம ஷூவ மாட்டினதும் நான்தான்." அத்தனை பேருக்கு நடுவில் சொல்லிவிட்டுப் புனிதவதி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தாள், விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

பச்சையம்மா அறையவில்லை. பிள்ளையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள். "நானும் வாசல்ல ஒக்காந்து தேனு வித்துக்கினுதானே இருந்தன் டீச்சரு. ராத்திரியெல்லாம் பொலம்புச்சு. காலைல மூஞ்சியப் பாத்தா சிரிக்குது, சரின்னு அனுப்பிட்டன்."

நிரஞ்சனா எப்போதோ கேமராவை மூடியிருந்தாள். "மேம், நான் கேட்டேனே. ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"நீ கேட்டப்போ சொல்ல வெக்கமா இருந்துச்சும்மா." புனிதவதி பட்டாம்பூச்சியைக் காட்டினாள். "அதுல தண்ணி வராது. கதவும் கிடையாது."

நிரஞ்சனா தான் வரைந்த படத்தைப் பார்த்தாள். வாசல் ஓட்டையைச் சுற்றி மூன்று நாள் நின்று இறக்கை வரைந்தவள் அவள். அங்கே கதவு ஏன் இல்லை என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. பிறகு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பைத் திருப்பச் சொல்லி ஓடினாள். கூட வந்திருந்த நெட்டைப் பையன் மட்டும் ஊரிலேயே நின்றுகொண்டு, மோட்டார் எங்கே இருக்கிறது என்று சின்னாண்டியிடம் கையால் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த மோட்டார் அன்றைக்கு ஓடவில்லை, ஓட இன்னும் பலபேரிடம் அலைய வேண்டியிருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஜீப்பில் மலையிறங்கும் வழியில், பச்சையம்மா மடியில் செவ்வந்தி முனகிக்கொண்டு வர, எதிரில் உட்கார்ந்திருந்த புனிதவதிக்கு வலது உதடு லேசாக மேலே ஏறியது. இறக்கினாள். மறுபடி ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் இன்னும் கொஞ்சம் ஏறியது. மேலே பிள்ளைகளின் முகத்திலிருந்து இறங்கிய சிரிப்பெல்லாம் வேறு போக்கிடம் இல்லாமல், வளைவு வளைவாகத் துரத்திக்கொண்டு வந்து, கிளம்பின இடத்திலேயே சேர்ந்துகொண்டிருந்தது. அடிவாரம் வந்தபோது அவள் மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரிந்தது. கையால் பொத்தினாள், முந்தானையால் பொத்தினாள். பச்சையம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் செருப்பை வாசலில் விடச் சொன்னார்கள். டாக்டரம்மா செவ்வந்தியின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார், அவள் துடித்ததைப் பார்த்தார், நர்ஸிடம் மளமளவென்று ஏதேதோ சொல்லி ஊசி போடவைத்து, பாட்டில் தண்ணீர் ஏற்றவைத்துவிட்டுத் திரும்பினார்.

"எத்தன நாளா அடக்கி அடக்கி வச்சிருக்குது இந்தக் கொழந்த? கிட்னிக்குப் போற அளவுக்கு விட்டிருக்கீங்க. பொழைச்சுக்குவா, ஆனா இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா? யாரு இவளுக்கு டீச்சர்?"

"நான்தாங்க" என்றாள் புனிதவதி. பதில் சொல்ல வேண்டியிருந்ததால் முந்தானையை வாயிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே அவர் பார்வை கடுத்துப்போனது. "கொழந்த இப்படிக் கெடக்குது, உங்களுக்குச் சிரிப்பு வருது? படிச்சவங்கதானே நீங்க? வெக்கமா இல்ல?"

வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாக இருக்கிறது என்று சொன்னாலும், அந்தச் சிரிப்போடு சொன்னால் யார் நம்புவார்கள்? திட்டுவதெல்லாம் தனக்குத் தகும் என்று நினைத்தபடி, புனிதவதி சிரித்துக்கொண்டு நின்றாள்.

கட்டிலில் படுத்திருந்த செவ்வந்தி தலையை ஒருக்களித்துத் திருப்பினாள். அவள் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஊர் வழக்கப்படி எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்தாள். பிறகு ஊசி குத்தாத கையை நீட்டி டாக்டரம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"திட்டாதீங்க. எங்க டீச்சரு அழுவுறாங்க. கால பாருங்க."

டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.